சம்மதம் கேட்காத ஊசி

ஆம்புலன்ஸில் வந்து இறங்குகிறவர் யாருடைய பேச்சைக் கேட்க வேண்டும்: தரையில் கிடப்பவருடையதையா, அவரை அழுத்திப் பிடித்திருக்கும் போலீஸ்காரருடையதையா? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஓர் இளைஞரின் மரணத்துக்குப் பிறகு சட்டமன்றமும் நீதிமன்றமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

2019 ஆகஸ்ட் 24, சனிக்கிழமை. இரவு பத்தரை மணி தாண்டிவிட்டது. கொலராடோவின் அரோரா நகரத்தில், கடையில் குளிர்ந்த தேநீர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார் 23 வயது இலைஜா மெக்லெய்ன். காதில் பாட்டு. பாட்டுக்கு ஏற்றபடி கைகள் ஆடிக்கொண்டிருந்தன. முகத்தை மூடிய குளிர்த்தொப்பி. ரத்தசோகை இருந்ததால் அவருக்கு எப்போதும் குளிரும் என்று குடும்பத்தினர் பிறகு சொன்னார்கள். மசாஜ் சிகிச்சை செய்து பிழைத்தவர், வயலின் வாசிப்பார், காப்பகத்துப் பூனைகளுக்கு அதை வாசித்துக் காட்டுவார். கறுப்பின இளைஞர். சுமார் 65 கிலோ எடை.

அந்தப் பக்கமாகப் போன யாரோ ஒருவர் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தார். ஆள் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறார் என்றார். ஆயுதம் இருக்கிறதா, யாருக்காவது ஆபத்தா என்று கேட்டபோது, இல்லை என்றுதான் சொன்னார். குற்றம் எதுவும் நடந்ததாக அந்த அழைப்பில் ஒரு சொல் இல்லை.

போலீஸ் வந்தது. நில் என்றார்கள். பாட்டு கேட்டுக்கொண்டிருந்தவர் உடனே நிற்கவில்லை. கையைப் பிடித்தார்கள். தன்னை விட்டுவிடும்படியும், தான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பதாகவும், தான் அதிகம் யாரோடும் பழகாத சுபாவக்காரன் என்றும் அவர் சொல்வது போலீஸ்காரர்களின் சட்டைக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தரையில் கிடந்தார். மூளைக்குப் போகும் ரத்தத்தைத் தடுக்கும் கழுத்துப் பிடி போட்டார்கள். கையில் விலங்கு. மூச்சு விட முடியவில்லை என்றார். வாந்தி எடுத்தார், எடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டார்.

தீயணைப்புத் துறையின் பாராமெடிக்குகள் வந்தபோது அவருக்காகப் பேசியவர்கள் போலீஸ்காரர்கள்தான். ஏதோ போதையில் இருக்கிறான், அசாத்திய பலம் என்பதுபோல அவர்கள் சொன்னதைக் கேட்ட பாராமெடிக்குகள், இது ‘எக்ஸைட்டட் டெலிரியம்’ என்று முடிவுக்கு வந்தார்கள். வெறிபிடித்த நிலை என்று தமிழில் சொல்லலாம். கெட்டமைன் என்ற மயக்க மருந்து 500 மில்லிகிராம் தோளில் ஏறியது. ஆம்புலன்ஸில் இதயம் நின்றது. ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 30-ல், உயிர்காக்கும் கருவிகள் அகற்றப்பட்டன.

ஊசி போடுவதற்கு முன் அவருடைய நாடியை யாரும் பார்க்கவில்லை, அவரைத் தொட்டுப் பரிசோதிக்கவில்லை, அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது பிறகு நடந்த வழக்கில் அரசுத் தரப்பு வைத்த முக்கியமான குற்றச்சாட்டு. பேசியிருந்தால் பதில் சொல்லும் நிலையில் இருந்தாரா என்பது வேறு விஷயம். கேட்கவே இல்லை என்பதிலிருந்துதான் இந்த விவகாரம் முழுக்கத் தொடங்குகிறது.

■ ஒரு ஊசியின் கணக்கு

அரோரா பாராமெடிக்குகள் பின்பற்ற வேண்டிய அளவு: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் கெட்டமைன்.
இலைஜாவின் உண்மையான எடைக்குக் கிடைத்திருக்க வேண்டியது: சுமார் 325 மில்லிகிராம்.
பாராமெடிக்குகள் கண்ணால் மதிப்பிட்ட எடை: சுமார் 90 கிலோ. அந்தக் கணக்கில் பார்த்தாலும் 450 மில்லிகிராம்தான் வரும்.
உள்ளே போனது: 500 மில்லிகிராம்.

கைதிக்கு விசாரணை, வழிப்போக்கருக்கு?

தெளிந்த புத்தியுள்ள, வயதுவந்த ஒருவருடைய உடம்பில் என்ன செய்யலாம், என்ன கூடாது என்பதை அவரே தீர்மானிப்பார், சம்மதமில்லாமல் கத்தி வைக்கும் மருத்துவர் தாக்குதல் குற்றம் செய்கிறார் என்று நியூயார்க் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ எழுதியது 1914-ல். அமெரிக்க மருத்துவச் சட்டம் இன்றுவரை அந்த ஒரு பத்தியின் மேல் நிற்கிறது. அதே பத்தியில் ஒரு விதிவிலக்கும் உண்டு. நோயாளி மயக்கமாகிக் கிடந்து, சம்மதம் வாங்கும்வரை காத்திருக்க முடியாத அவசரம் என்றால், கேட்காமலே சிகிச்சை செய்யலாம். சாலை விபத்தில் நினைவிழந்து கிடப்பவருக்கு ரத்தம் ஏற்றுவது இந்த விதிவிலக்கின்படிதான். நினைவிருந்தால் சம்மதித்திருப்பார் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது.

மயக்க ஊசி விஷயத்தில் நிலைமை தலைகீழ். இங்கே நோயாளி மயங்கிக் கிடக்கவில்லை, கத்திக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்றுகூடச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அவருடைய மறுப்பையே நோயின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அதைக் குணப்படுத்தவே ஊசி என்று சொன்னால், நினைவில்லாதவருக்காக எழுதப்பட்ட விதிவிலக்கை நினைவுள்ளவர் மேல் போட்டு மூடியதாகிறது. புத்தி தெளிவில்லாதவரின் ‘வேண்டாம்’ செல்லாது என்று வாதிக்கலாம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் தெளிவில்லை என்று முடிவுகட்ட ஒருவரிடம் பேசிப் பார்க்கவாவது வேண்டும்.

சிறைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வாஷிங்டன் மாநிலச் சிறையில் இருந்த ஒரு கைதி, மனநோய் மருந்துகளைத் தனக்குக் கட்டாயமாகக் கொடுக்கக் கூடாது என்று வழக்குப் போட்டார். 1990-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைதிக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் சொன்னபோது, அந்தச் சிறையில் ஏற்கெனவே இருந்த நடைமுறையைக் காட்டித்தான் சொன்னது: முன்கூட்டியே தகவல் தர வேண்டும், கைதி நேரில் வந்து பேசலாம், அவருக்கு அப்போது சிகிச்சை தராத ஒரு மனநல மருத்துவர் உள்ளிட்ட குழு கேட்டு முடிவு செய்யும். தண்டனை பெற்ற குற்றவாளிக்கு இத்தனை படிகள். எந்தக் குற்றமும் செய்யாமல் தேநீரோடு நடந்து போனவருக்கு ஒரு படியும் இல்லை. நடுத்தெருவில் குழு கூட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் அத்தனை படிகளுக்குப் பதிலாகத் தெருவில் என்ன இருக்க வேண்டும் என்று 2021 வரை எந்தச் சட்டமன்றமும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை.

மருந்தின் மேல் பழி போட முடியாது

கெட்டமைனை வில்லனாக்குவது சுலபம், நியாயமில்லை. 1962-ல் டெட்ராய்ட்டில் பார்க்-டேவிஸ் நிறுவனத்துக்காக வேதியியலாளர் கால்வின் ஸ்டீவன்ஸ் உருவாக்கிய மருந்து இது. 1970-ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. வியட்நாம் போர்க்களத்தில் காயமடைந்தவர்களுக்குப் பயன்பட்டது. மற்ற மயக்க மருந்துகள் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் கீழே இழுக்கும். கெட்டமைன் சரியான அளவில் அவ்வளவாக இழுக்காது. அதனால்தான் வென்டிலேட்டரும் மயக்கவியல் நிபுணரும் எளிதில் கிடைக்காத ஊர்களில், நம் நாட்டுச் சிற்றூர் மருத்துவமனைகள் உட்பட, அறுவைச் சிகிச்சைக்கு இது இன்னமும் கைகொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

ஒரு சின்னத் தகவல் மட்டும் உறுத்துகிறது. 1964-ல் இந்த மருந்து முதன்முதலாக மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டது மிச்சிகன் மாநிலம் ஜாக்சன் சிறையில். சிறைக்குள் ஒருவர் தருகிற சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்ற கேள்வி இந்த மருந்தோடேயே பிறந்துவிட்டது.

தசையில் போட்டால் மூன்று, நான்கு நிமிடத்தில் ஆளை வீழ்த்தும். இந்த வேகம்தான் ஆம்புலன்ஸ்காரர்களை ஈர்த்தது. பழைய மருந்தான ஹாலோபெரிடாலோடு ஒப்பிட்டு மினியாபொலிஸ் நகரத்தின் ஹென்னபின் மருத்துவமனைக் குழு ஆய்வு செய்து 2016-ல் வெளியிட்டது. கெட்டமைன் சுமார் 5 நிமிடத்தில் வேலை செய்தது, ஹாலோபெரிடால் 17 நிமிடம் எடுத்தது. அதே ஆய்வின் அடுத்த வரிசையையும் படிக்க வேண்டும். கெட்டமைன் போட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு மூச்சுக்குழாயில் குழாய் செருக வேண்டியிருந்தது. ஹாலோபெரிடால் போட்டவர்களில் அது 4 சதவீதம்.

ஆஸ்பத்திரியில் குழாய் செருக ஆளிருக்கிறது, மானிட்டர் இருக்கிறது. தெருவோரத்தில், கழுத்துப் பிடியில் இருந்து இப்போதுதான் விடுபட்ட, கையில் விலங்கோடு கிடக்கிற, வாந்தி எடுத்த ஒருவருக்கு?

மினியாபொலிஸில் இன்னொன்றும் நடந்தது. போலீஸ் அறிக்கைகளில் கெட்டமைன் என்ற பெயர் 2012-ல் 3 தடவை வந்திருந்தது, 2017-ல் 62 தடவை. போலீஸ் நடத்தையை மறுஆய்வு செய்யும் நகர அலுவலகம் 2018-ல் இதைத் தோண்டியபோது, ஊசி போடும்படி போலீஸ்காரர்களே ஆம்புலன்ஸ்காரர்களைத் தூண்டிய சம்பவங்கள் வெளியே வந்தன. அதே காலத்தில் அந்த மருத்துவமனை, கட்டுக்கடங்காத நோயாளிகளுக்கு எந்த மருந்து மேல் என்று பார்க்க, முன்சம்மதம் வாங்காமலே ஆய்வுகள் நடத்திக்கொண்டிருந்தது. அவசரச் சிகிச்சை ஆய்வில் சம்மதத்துக்கு விலக்கு கேட்க அமெரிக்க விதிகளில் வழி உண்டு. இங்கே அந்த வழியை எடுத்துக்கொண்ட விதம் சரியில்லை என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே குறை கண்டது. ஆய்வு நிறுத்தப்பட்டது.

இல்லாத நோய்க்கு மருந்து

எக்ஸைட்டட் டெலிரியம் என்ற பெயரின் பிறப்புக் கதையைக் கேட்டால் யாருக்கும் வியர்க்கும். 1985-ல் மயாமியில் பிரேதப் பரிசோதனை மருத்துவர் சார்ல்ஸ் வெட்லி, கொக்கெய்ன் பயன்படுத்தியவர்களின் திடீர் மரணங்களை விளக்க ஒரு கட்டுரை எழுதினார். வெறி, அசாத்திய பலம், பிறகு திடீர் சாவு. அதே ஆண்டுகளில் மயாமியில் கறுப்பினப் பெண்கள் பலர் ஒருவர்பின் ஒருவராக இறந்துகிடந்தார்கள். கொஞ்சம் கொக்கெய்னோடு உடலுறவும் சேர்ந்து இவர்களைக் கொன்றிருக்கிறது என்பது வெட்லியின் விளக்கம். பிறகு 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் உடல் கிடைத்தது. உடம்பில் கொக்கெய்ன் இல்லை. வெட்லியின் மேலதிகாரி ஜோசப் டேவிஸ் பழைய கோப்புகளை எடுத்துத் திரும்பப் பார்த்தார். பெண்கள் மூச்சுத் திணறடித்துக் கொல்லப்பட்டிருந்தார்கள். ஒரு தொடர் கொலைகாரனின் வேலை என்ற முடிவுக்குப் போலீஸ் வந்தது.

அத்தோடு அந்தப் பெயர் புதைந்திருக்க வேண்டும். புதையவில்லை. போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் மரணக் காரணமாக எழுத வசதியான சொல்லாக அது வளர்ந்தது. 2009-ல் அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர்கள் சங்கம் அதை அங்கீகரித்து அறிக்கை வெளியிட்டது. போலீஸ் பயிற்சி வகுப்புகளுக்கும் போனது. 2020 மே 25-ல் மினியாபொலிஸில் போலீஸ்காரர் ஒருவர் ஜார்ஜ் ஃபிலாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது, உடனிருந்த இளைய போலீஸ்காரர் ஒருவர் இந்த எக்ஸைட்டட் டெலிரியம் பற்றித் தனக்குக் கவலையாக இருக்கிறது என்று சொன்னது கேமராவில் இருக்கிறது.

ஃபிலாய்டின் மரணத்துக்குப் பிறகு மருத்துவச் சங்கங்கள் ஒவ்வொன்றாகக் கைகழுவின. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2021-ல், மருத்துவக் காரணம் இல்லாமல் போலீஸ் வேலைக்காக மட்டும் மயக்க மருந்து போடுவதை எதிர்த்தது. பிரேதப் பரிசோதனை மருத்துவர்களின் தேசிய சங்கம் 2023 தொடக்கத்திலும், அவசர சிகிச்சை மருத்துவர்கள் சங்கம் அதே ஆண்டு அக்டோபரிலும் அந்தப் பெயரைக் கைவிட்டன. அவசர சிகிச்சை மருத்துவர்கள் சங்கம் ஏற்று 14 வருடம் வைத்திருந்த ஒரு சொல், நோய் என்ற தகுதியை இழந்தது.

■ பத்து ஆண்டுக் கணக்கு

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2024-ல் வெளியிட்ட நீண்ட புலனாய்வின்படி, 2012 முதல் 2021 வரை அமெரிக்காவில் துப்பாக்கி தவிர்த்த வழிகளில் போலீஸ் ஒருவரை அடக்கிய பிறகு நிகழ்ந்த மரணங்கள் 1,036. அவற்றில் குறைந்தது 94 பேருக்கு மயக்க மருந்து செலுத்தப்பட்டிருந்தது. அந்த 94 பேரில் சுமார் பாதிப் பேர் கறுப்பினத்தவர். ஒவ்வொரு மரணத்திலும் மருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதையும் அந்த நிறுவனம் சேர்த்தே சொன்னது.

கொலராடோ எழுதிய சட்டம்

இலைஜா இறந்த சில மாதங்களில் மாவட்ட அரசு வழக்கறிஞர் கோப்பை மூடிவிட்டார். முதல் பிரேதப் பரிசோதனை மரணத்தின் காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றிருந்தது. வழக்குத் திரும்ப உயிர்பெற்றதற்கு ஃபிலாய்டின் மரணம் காரணம். 2020 ஜூனில் தெருக்கள் கொதித்துக்கொண்டிருந்தபோது ஆளுநர் ஜாரெட் போலிஸ், மாநில அட்டர்னி ஜெனரல் ஃபில் வைசரிடம் வழக்கை ஒப்படைத்தார். திருத்திய பிரேதப் பரிசோதனை அறிக்கை 2022-ல் வெளியானது. பலாத்காரமாக அடக்கிய பிறகு கெட்டமைன் செலுத்தியதன் விளைவே மரணம் என்றது அது.

இடையே 2021-ல் சட்டமன்றம் தன் வேலையை முடித்திருந்தது. ஜூலையில் ஆளுநர் கையெழுத்திட்டார். சம்மதப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கு என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் முதல் வாரமே அது கேலிக்கு ஆளாகியிருக்கும். கொலராடோ வேறு பக்கமாகப் போய்ப் பிடித்தது. நோயாளியின் குரலை அமுக்குவது எது? போலீஸின் குரல். முதலில் அதை வெட்டியது. கெட்டமைன் போடு என்று போலீஸ்காரர் உத்தரவிடக் கூடாது, நெருக்கவும் கூடாது. எக்ஸைட்டட் டெலிரியம் என்பதை, அல்லது அதற்குச் சூட்டும் எந்தப் புதுப் பெயரையும், ஊசிக்கு நியாயமான மருத்துவ அவசரமாக ஏற்க முடியாது. நோயாளியை எடை போட வேண்டும். முடியாவிட்டால் பயிற்சி பெற்ற இருவரின் மதிப்பீடு ஒத்துப்போக வேண்டும். ஆம்புலன்ஸ் சேவையின் மருத்துவ இயக்குநரைத் தொடர்புகொண்டு அனுமதி கேட்க முயல வேண்டும். நாடி, மூச்சு, ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கக் கருவி பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. ஒவ்வொரு நிபந்தனையும் பாராமெடிக்கை நோயாளியின் பக்கத்தில் போய் நிற்க வைக்கிறது. எடை பார்க்க, நாடி பார்க்க, டாக்டரிடம் போனில் விவரம் சொல்லப் போனால், தரையில் கிடப்பவரிடம் பேசாமல் தீராது. சம்மதம் என்ற சொல்லைச் சட்டத்தின் முதல் வரியில் எழுதுவதைவிட இது சாமர்த்தியமான ஏற்பாடு என்பது என் கருத்து. சம்மதம் கேட்பதற்கு எதிரான ஒரே நேர்மையான வாதம் நேரமில்லை என்பது. அந்த நேரத்தைத் தேடித் தருகிறது இந்தச் சட்டம்.

2024-ல் இன்னொரு படி. எக்ஸைட்டட் டெலிரியத்தை போலீஸுக்கோ ஆம்புலன்ஸ் ஊழியருக்கோ பயிற்சியில் கற்றுக்கொடுப்பதைக் கொலராடோ தடை செய்தது. கலிபோர்னியா அதற்கு முந்தைய ஆண்டே அந்தச் சொல்லை மரணக் காரணமாக எழுதுவதைத் தடுத்த முதல் மாநிலமாகியிருந்தது.

குற்றப்பட்டியலில் இருந்த சம்மதம்

சட்டமன்றம் எழுதாத சொல் நீதிமன்றத்தில் வந்தது, அதுவும் பழைய சட்டத்தின் வழியாக.

கொலராடோ தண்டனைச் சட்டத்தில் இரண்டாம் நிலைத் தாக்குதல் என்று ஒரு குற்றம் இருக்கிறது. அதன் ஒரு பிரிவு: முறையான சிகிச்சை அல்லாத நோக்கத்துக்காக, ஒருவருடைய சம்மதமில்லாமல் மருந்து கொடுத்து அவரை நினைவிழக்கச் செய்வது. பானத்தில் மயக்க மருந்து கலந்து கொடுப்பவர்களுக்குப் பொருத்தமாகத் தோன்றும் இந்தப் பிரிவை, சீருடையில் வந்த இரண்டு பாராமெடிக்குகள் மேல் அரசுத் தரப்பு வைத்தது.

வாதம் இப்படி ஓடியது. எதிர்த்தரப்பு: எங்களுக்குக் கற்றுக்கொடுத்த நோய்க்குறிகளைப் பார்த்தோம், கற்றுக்கொடுத்த மருந்தைப் போட்டோம், கெட்டமைன் பாதுகாப்பானது என்றுதான் சொல்லித் தந்தார்கள். அரசுத் தரப்பு: சிகிச்சை என்றால் முதலில் நோயாளியைப் பார்க்க வேண்டும், நீங்கள் பார்க்கவில்லை, போட்ட பிறகும் கவனிக்கவில்லை. பரிசோதனையே இல்லாத ஊசியைச் சிகிச்சை என்று எப்படிச் சொல்வது?

2023 டிசம்பரில் ஜூரி தீர்ப்புச் சொன்னது. கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தில் இருவரும் குற்றவாளிகள். சம்மதமில்லாமல் மருந்து செலுத்திய குற்றத்தில், அங்கே மூத்தவராக இருந்த பாராமெடிக் மட்டும் குற்றவாளி. ஊசியைத் தன் கையால் போட்டவர் அந்தப் பிரிவிலிருந்து விடுபட்டார். உத்தரவிட்டவருக்கும் கைக்கும் இடையே ஜூரி எங்கே கோடு போட்டது என்று அமெரிக்கச் சட்ட வட்டாரத்தில் எத்தனை பேர் தலையைச் சொறிந்திருப்பார்கள்! மூத்தவருக்கு 2024 மார்ச்சில் ஐந்தாண்டுச் சிறை. அந்தக் குற்றத்துக்கு அதற்குக் குறைந்து கொடுக்க வழியில்லை. ஆனால் அசாதாரணமான சூழ்நிலை இருந்தால் நீதிபதி தண்டனையைத் திரும்பப் பார்க்கலாம் என்று கொலராடோ சட்டம் அனுமதிக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் சிறை நீங்கி, நான்காண்டு நன்னடத்தைக் கண்காணிப்பாக அது மாறியது. ஊசி போட்டவருக்கு 14 மாதம், பகலில் வெளியே வேலைக்குப் போய்வரும் வகையில்.

போலீஸ்காரர்கள் மூன்று பேரில் ஒருவர் மட்டும் தண்டிக்கப்பட்டார், அவருக்கும் 14 மாதம். கழுத்துப் பிடி போட்டவர் உட்பட மற்ற இருவரும் விடுதலை. அரோரா நகரம் 2021-ல் குடும்பத்துக்கு 1.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. மகனின் பெயரை விடாமல் ஐந்து வருடம் நீதிமன்றப் படிகளில் ஏறியிறங்கியவர் தாய் ஷெனீன் மெக்லெய்ன்.

ஆம்புலன்ஸ்காரர்களின் பயம்

தீர்ப்பு வந்த அன்று அமெரிக்கா முழுக்க ஆம்புலன்ஸ் நிலையங்களில் பேச்சு இதுதான். தீயணைப்பு வீரர்களின் தேசியத் தொழிற்சங்கம் கடுமையாகக் கண்டித்தது. கண நேரத்தில் எடுக்கும் மருத்துவ முடிவைக் குற்றமாக்கினால் யார் இந்த வேலைக்கு வருவார்கள் என்றது.

இந்தப் பயத்தை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. மெத்தம்ஃபெட்டமைன் போதை தலைக்கேறிய ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். உடம்பு கொதிக்கிறது. தான் யார், எங்கே இருக்கிறோம் என்ற பிரக்ஞை இல்லை. திமிறத் திமிற ரத்தத்தில் அமிலம் கூடிக்கொண்டே போகிறது. அந்தத் திமிறலே இதயத்தை நிறுத்திவிடும். அவருக்கு மயக்க மருந்து உயிர் மருந்து. அவரிடம் போய்ச் சம்மதம் கேள் என்று கட்டளையிடும் சட்டம் அவரைக் கொல்லும். தன்னைக் கடிக்கவும் உதைக்கவும் வருபவரை ஆஸ்பத்திரிவரை கொண்டுபோக வேண்டிய பாராமெடிக்கின் உயிரும் உயிர்தான். எந்தச் சட்டமும் ஒரு விதிவிலக்கை விட்டுவைத்துத்தான் ஆக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், விதிவிலக்கு இருக்கும் இடமெல்லாம் அதுவே வழக்கமாகிவிடுகிறது. கொலராடோவில் 2021-க்கு முந்தைய நடைமுறை அதற்குச் சாட்சி. அடங்காதவர்களுக்குக் கெட்டமைன் போட ஆம்புலன்ஸ் சேவைகள் மாநிலச் சுகாதாரத் துறையிடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வாங்கினார்கள். இரண்டரை ஆண்டுகளில் சுமார் 900 பேருக்குப் போட்டார்கள். இத்தனை பேரும் அந்தக் கொதிக்கும் உடம்புக்காரர் போன்றவர்கள்தானா? இலைஜாவுக்குக் காய்ச்சலும் இல்லை, ஆயுதமும் இல்லை. பாராமெடிக்குகள் வந்தபோது விலங்கிட்டுத் தரையில் கிடந்தார், மூன்று போலீஸ்காரர்கள் பக்கத்தில் இருந்தார்கள். யாருக்கு என்ன ஆபத்து?

அரோராவை ஒட்டினாற்போல் இருக்கும் டென்வரில் ஒரு வேறு வழி ஓடிக்கொண்டிருக்கிறது. 2020 ஜூனில் தொடங்கிய ‘ஸ்டார்’ என்ற திட்டத்தில், மனநலக் கோளாறோ போதையோ சம்பந்தப்பட்ட அழைப்புகள் சிலவற்றுக்குப் போலீஸ் போவதில்லை. ஒரு மனநல ஆலோசகரும் ஒரு மருத்துவ உதவியாளரும் வேனில் போகிறார்கள். துப்பாக்கி கிடையாது, விலங்கு கிடையாது. அந்தத் திட்டம் நடந்த பகுதிகளில் சிறு குற்றங்கள் பற்றிய புகார் 34 சதவீதம் குறைந்ததாக 2022-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். இலைஜா விஷயத்தில் போலீஸ் வருவதற்கு முன் அப்படி ஒரு வேன் வந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆனால் ஸ்டார் பிறந்தபோது அவர் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

பெயர் எழுதிய சட்டம்

கொலராடோ சட்டத்தில் ஓட்டை இருக்கிறது. எடை, அளவு, அனுமதி என்ற கறாரான நிபந்தனைகள் கெட்டமைன் என்ற ஒரு மருந்தின் பெயரில் எழுதப்பட்டவை. ஆம்புலன்ஸ் பெட்டிக்குள் மிடாசோலம் இருக்கிறது, டிராபெரிடால் இருக்கிறது, ஹாலோபெரிடால் இருக்கிறது. இவற்றுக்கும் தனித்தனி ஆபத்துகள் உண்டு. மிடாசோலம் மூச்சை அமுக்கும், குடித்திருப்பவருக்கு இன்னும் அதிகமாக. மற்ற இரண்டும் இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கக்கூடியவை. கெட்டமைன் சீசாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தால், அதே கழுத்துப் பிடி, அதே விலங்கு, அதே போலீஸ் வாக்குமூலத்தோடு அதே ஊசி போட முடியும்.

கலிபோர்னியாவின் தடை நோயின் பெயர் மேல், கொலராடோவின் நிபந்தனைகள் மருந்தின் பெயர் மேல். ஊசி போடுவது என்ற செயலின் மேல், எந்த மருந்தானாலும், என்ன நோய்ப்பெயர் சொன்னாலும், நோயாளியிடம் முதலில் பேசு, பேசியதையும் அவர் சொன்ன பதிலையும் பதிவு செய் என்று எழுதுவதற்குப் பெரிய செலவில்லை. போலீஸ்காரரின் சட்டையில் கேமரா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இலைஜா என்ன சொன்னார் என்று உலகத்துக்குத் தெரிந்ததே அந்தக் கேமராவால்தான். பாராமெடிக் என்ன கேட்டார் என்பதும் அதில் பதிவாகும், கேட்டிருந்தால்.